காரைக்கால் எண்ணெய்க் கிணறுகளும் வெப்பந்தாங்கும் உலோக வளைய அடைப்பான்களும்: ஒரு தொழில்நுட்ப வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இரு தட்டைப் பரப்புகள் சந்திக்கும் இணைப்பின் வழியாக உயரழுத்தப் பாய்மம் கசியாமல் காப்பது உலோக வளைய அடைப்பான். காவிரிப் படுகையின் எண்ணெய்க் கிணறுகள் ஒவ்வொன்றிலும் இவ்வளையங்கள் உள்ளன. இவற்றின் வடிவமைப்பு நெறி உருவான விதத்தையும், 1898 முதல் காரைக்கால் பகுதிக்கு வந்த நீராவி, எண்ணெய்த் தொழில்களோடு அதற்குள்ள தொடர்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது. வளையம் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தப்பட்டுக் கழிக்கப்படுவதால், இத்தொழில்நுட்பத்தின் வரலாற்றுச் சான்றை வளையத்தில் தேடுவதைவிட அது அமர்ந்திருந்த காடியில் தேடுவதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: காரைக்கால், காவிரிப் படுகை, உலோக வளையம், கேஸ்கெட், கிணற்றுத்தலை, தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

காரைக்காலின் வரலாறு பெரும்பாலும் பிரெஞ்சு ஆட்சியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1739இல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இவ்வூரைப் பெற்றது; 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இது இந்தியாவுடன் இணைந்தது. துறைமுகம், நெசவு, கடல்கடந்த குடிபெயர்வு, அம்மையார் கோயில் ஆகியன இவ்வரலாற்றின் வழக்கமான பேசுபொருள்கள். இணைப்புக்குப் பிந்தைய காரைக்காலில் மண்ணுக்கடியில் நிகழ்ந்த தேடல் அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் பிரிவு நிரவியிலிருந்து இயங்குகிறது. படுகையின் நிலவியலில் 'காரைக்கால் மேடு' என்பது தரங்கம்பாடிப் பள்ளத்தையும் நாகப்பட்டினப் பள்ளத்தையும் பிரித்து நிற்கும் அடிப்பாறை முகட்டின் பெயர். ஊரின் பெயர் இவ்வாறு நிலவியல் வரைபடங்களில் நிலைபெற்றுவிட்ட போதிலும், அத்தொழிலின் கருவிகளைப் பற்றித் தமிழில் வரலாற்று நோக்கிலான எழுத்து அரிதாகவே உள்ளது.

கருவிகளுள்ளும் மிகச் சிறியதொன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கிணற்றின் வாயில் அடுக்கடுக்காக நிற்கும் வால்வுத் தொகுதியைத் துறையினர் 'கிறிஸ்துமஸ் மரம்' என்பர். அதன் ஒவ்வோர் அடுக்கும் ஃபிளேஞ்ச் எனப்படும் தட்டையான விளிம்புத் தகட்டில் முடிகிறது. இரு விளிம்புகளுக்கு நடுவே, இரண்டிலும் கடைந்த காடியில், ஓர் இரும்பு வளையம் அமர்கிறது. கிணற்றுக்குள் இருக்கும் அழுத்தத்திற்கும் வெளியே உள்ள வயலுக்கும் இடையில் அந்த இடத்தில் நிற்பது அவ்வளையம் மட்டுமே.

நீராவிக் காலம்

வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஒருசேரத் தாங்கும் இணைப்பு என்ற சிக்கல் இப்பகுதிக்கு எண்ணெயோடு வந்ததன்று. பேரளம் – காரைக்கால் இருப்புப்பாதை 1898இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 23 கி.மீ. நீளமுள்ள இந்த மீட்டர் பாதை பிரெஞ்சு நிலத்திற்குள் நுழைந்தாலும், அதில் வண்டி ஓட்டியது பிரித்தானியரின் தென்னிந்திய இரயில்வே. அந்நிறுவனத்தின் தலைமைப் பணிமனை, 1920களின் பிற்பகுதியில் திருச்சிராப்பள்ளியின் பொன்மலைக்கு மாறும்வரை, காரைக்காலுக்குத் தெற்கே அண்மையிலுள்ள நாகப்பட்டினத்தில்தான் இருந்தது.

அக்கால நீராவி எந்திரத்தின் கொதிகலன் அழுத்தம் 10 பார் என்று கொண்டால், அதிலிருந்து வரும் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 184 பாகை செல்சியஸ். உருளை மூடி, நீராவிக் குவிமாடம் போன்ற தட்டை இணைப்புகளில் செவ்வீயப் பசையும் சணலும் வைத்து இறுக்குவதும், செம்புக் கம்பியை வளையமாக வளைத்து இடையில் நசுக்குவதும் நீராவித் தொழிலில் பரவலான முறைகள். 184 பாகையில் இவை தாக்குப்பிடித்தன. தற்செயலாக, காரைக்கால் பாதை திறந்த அதே 1898இல் பிரஷ்யாவில் வில்ஹெல்ம் ஷ்மிட்டின் மீவெப்பக் கருவி முதன்முறையாக இரயில் எந்திரத்தில் பொருத்தப்பட்டது. மீவெப்ப நீராவி 300 பாகையைத் தாண்டியபோது சணல் கருகியது. அதன்பின் தொழிலுலகம் இரு வழிகளில் பிரிந்தது. ஒன்று கல்நாரை அழுத்திச் செய்த தகடு. மலிவானது, வெட்டி எடுக்க எளிது, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆலைகளை ஆண்டது, அதன் தூசி நுரையீரலுக்கு இழைத்த கேடு பின்னரே ஒப்புக்கொள்ளப்பட்டது. மற்றொன்று முற்றிலும் உலோகத்தாலான வளையம். எண்ணெய்க் கிணறு தேர்ந்தது இரண்டாவது வழி.

வளையத்தின் வடிவமைப்பு நெறி

பொது அறிவு எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான ஒரு முடிவில் உலோக வளையத்தின் வடிவமைப்பு தொடங்குகிறது. உயரழுத்தத்தைத் தாங்க வேண்டிய வளையம், தான் அமரும் விளிம்பைவிட மென்மையானதாக இருத்தல் வேண்டும். தூய மென்னிரும்பு வளையத்திற்குப் பிரினெல் அளவையில் 90, குறைகார்பன் எஃகிற்கு 120, துருப்பிடிக்கா எஃகிற்கு 160 என்பன தரநிலைகள் விதிக்கும் உச்சக் கடினத்தன்மைகள். இவை கீழ்வரம்புகள் அல்ல, மேல்வரம்புகள் என்பது கவனிக்கத்தக்கது. இதற்கு மேல் கடினமான வளையத்தை உற்பத்தியாளர் விற்கலாகாது.

காரணம் இதுவே. கடைசல் எந்திரத்தில் எவ்வளவு நுட்பமாக வழித்தாலும் உலோகப் பரப்பு முற்றிலும் சமமாவதில்லை. காடியின் சரிவுப் பரப்பில் 1.6 மைக்ரோமீட்டர் அளவு மேடுபள்ளம் அனுமதிக்கப்படுகிறது. வாயுவிற்கு அதுவே போதிய வழி. போல்ட்டுகளை இறுக்கும்போது வளையத்தின் விளிம்பு தன் மீள் எல்லையைத் தாண்டி நசுங்கி, அப்பள்ளங்களுக்குள் பாய்ந்து நிரம்புகிறது. விளிம்புத் தகடு வடுப்படாமல் இருக்க, வளையம் வடுவை ஏற்கிறது. விலை குறைந்த உறுப்பு அழிந்து விலை உயர்ந்த உறுப்பைக் காக்குமாறு பொறியாளர் திட்டமிட்டே வகுத்த ஏற்பாடு இது.

எவ்வளவு விசை இங்கு செயற்படுகிறது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். 10 செ.மீ. விட்டமுள்ள வளையத்தின் உள்ளே 350 பார் அழுத்தம் இருப்பதாகக் கொள்க. இரு விளிம்புகளையும் பிரித்தெறிய முயலும் விசை ஏறத்தாழ 28 டன். போல்ட்டுகள் இந்த 28 டன்னையும் தாங்கி, அதற்கு மேலும் வளையத்தை நசுக்கிய நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். தட்டையான தகடு ஒன்றை இடையில் வைத்தால் இவ்விசை அகன்ற பரப்பில் சிதறிவிடும். சரிவுள்ள காடியில் அமரும் ஒடுங்கிய வளையத்திலோ அது மெல்லிய கோடு போன்ற தொடுபகுதியில் குவிகிறது.

வளையத்தின் குறுக்குவெட்டு முதலில் நீள்வட்டமாக இருந்தது. காடியின் அடிப்பகுதியும் அதற்கேற்ப உருண்டிருந்தது. பின்னர் காடி தட்டையான அடியும் 23 பாகைச் சரிவும் கொண்டதாக மாறியது. எண்கோண வளையம் அதற்குரியது. நீள்வட்ட வளையம் பழைய காடியிலும் புதிய காடியிலும் அமரும். எண்கோண வளையம் பழைய காடியில் அமராது. வரலாற்றாசிரியருக்கு இந்த ஒருதலைப் பொருத்தம் பயனுள்ள செய்தி. இதன் பயனைக் கட்டுரையின் இறுதிப் பகுதி காட்டும்.

1919இல் தொடங்கப்பட்ட அமெரிக்க பெட்ரோலியக் கழகம் பின்னர் கிணற்றுத்தலைக் கருவிகளுக்கு வகுத்த 'ஏபிஐ 6ஏ' தரநிலையில் இவ்விருவகை வளையங்களும் 'ஆர்' என்ற எழுத்தால் குறிக்கப்படுகின்றன. குழாய் விளிம்புகளுக்கான வளையங்களையும் காடிகளையும் பற்றிய அமெரிக்கத் தரநிலை 1956இல் வெளிவந்தது. அடுத்து வந்த 'ஆர்எக்ஸ்' வளையம் 'ஆர்' வளையத்தின் காடியிலேயே அமரும். ஆனால் உயரமானது, சமச்சீரற்றது. அதன் வெளிச்சரிவு முதலில் காடியைத் தொடுகிறது; உள்ளிருந்து வரும் அழுத்தம் வளையத்தை வெளிநோக்கித் தள்ளி அத்தொடுகையை மேலும் இறுக்குகிறது. கசியச் செய்ய முயலும் அழுத்தமே கசிவை அடைக்கும் இந்நெறி, உயரழுத்த இயற்பியலுக்காக 1946இல் நோபல் பரிசு பெற்ற பெர்சி பிரிட்ஜ்மன் தம் ஆய்வுக்கருவிகளில் கையாண்ட அடைப்பு முறைக்கு உறவுடையது. மூன்றாவதான 'பிஎக்ஸ்' சதுர அங்குலத்துக்கு 20,000 பவுண்டு வரையிலான அழுத்தத்திற்குரியது. அதில் மேலிருந்து கீழாக ஒரு சிறு துளை இடப்படுகிறது. காடியின் அடியில் அடைபடும் அழுத்தம் இருபுறமும் சமமாவதற்கே அத்துளை. அதை அறியாதவர் குறைபாடு என்று கருதக்கூடும்.

1964: காரைக்காலில் முதற்கிணறு

எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் 1956 ஆகஸ்டு 14 அன்று அமைந்தது. தொடக்க ஆண்டுகளில் அதற்குத் துளைக்கருவிகளும் வல்லுநரும் பெரும்பாலும் சோவியத் ஒன்றியத்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் கிடைத்தனர். 1950களின் பிற்பகுதியில் காவிரிப் படுகையில் நிலவியல் ஆய்வு தொடங்கியது. 1964இல் படுகையின் முதல் ஆழ்துளைத் தேடற்கிணறு காரைக்காலில் இறங்கியது. சட்டப்படியான இணைப்பு நிகழ்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்படுகையில் வணிகப் பயனுள்ள எண்ணெய் கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1985இல் காரைக்காலையொட்டிய நரிமணத்தில் அது கிட்டியது. 1993இல் பனங்குடியில் ஆண்டுக்கு 5 இலட்சம் டன் திறனுள்ள சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது.

இங்கு ஒரு முரண் சுட்டத்தக்கது. ஆணையம் அமைந்த அதே 1956இல்தான் இந்தியா மெட்ரிக் அளவைச் சட்டத்தை இயற்றியது. நாடு கிலோவிற்கும் மீட்டருக்கும் மாறிய காலத்தில், உலகெங்கும் எண்ணெய்த் தொழிலை ஆண்ட கிணற்றுத்தலைத் தரநிலையோ அங்குலத்திலும் பவுண்டிலும் எழுதப்பட்டிருந்தது. இன்றும் கிணற்றடியில் விளிம்பின் அளவு அங்குலத்திலேயே சொல்லப்படுகிறது. காடியும் வளையமும் ஆயிரத்தில் சில பங்கு அங்குலம் பிசகினாலும் பொருந்தா என்பதால், தரநிலையை மாற்றுவது என்பது நிலத்தில் ஏற்கெனவே நட்ட ஒவ்வொரு கிணற்றின் விளிம்பையும் மாற்றுவதாகும். ஆகவே தொழில்நுட்பச் சார்பு என்பதை உதவி தந்த நாட்டின் பெயரைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. காடியின் கோணத்தை எந்தத் தரநிலை முடிவு செய்தது என்பதே நெடுநாள் நீடிக்கும் சார்பு.

உள்நாட்டு உற்பத்தி டெல்டாவின் தலைப்பிலேயே உருவானது. செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் 1960களில் திருச்சிராப்பள்ளியில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை, பின்னர் கிணற்றுத்தலைகளையும் கிறிஸ்துமஸ் மரங்களையும் தயாரிக்கலாயிற்று. கொதிகலனுக்குக் கற்ற உலோகவியல் எண்ணெய்க் கிணற்றுக்குப் பயன்பட்டது தற்செயலன்று. நாகப்பட்டினத்திலிருந்து இரயில்வே பணிமனை சென்றடைந்ததும் அதே திருச்சிராப்பள்ளிதான். நீராவி இணைப்பிலிருந்து கிணற்று இணைப்பு வரை இப்பகுதியின் தொழிலறிவு காவிரிக் கரையோரமாகவே நகர்ந்திருக்கிறது எனலாம்.

வெப்பம் செய்வது

அழுத்தத்தைவிட வெப்பமே வளையத்திற்குக் கடுஞ்சோதனை. 150 பாகைக்கும் சதுர அங்குலத்துக்கு 10,000 பவுண்டுக்கும் மேற்பட்ட கிணறுகளை மிகை அழுத்த, மிகை வெப்பக் கிணறுகள் என வகைப்படுத்துவது வழக்கம். கிணற்றின் அடியில் உள்ள வெப்பம் முழுவதும் வாய்க்கு வருவதில்லை. எனினும் உற்பத்தி நடக்கும்போது கிணற்றுத்தலை சூடாகிறது, மூடி வைத்தால் குளிர்கிறது. ஏபிஐ தரநிலை இதற்கென வெப்ப வகுப்புகளை எழுத்துகளால் குறிக்கிறது: 'யு' வகுப்பின் உச்சம் 121 பாகை, 'எக்ஸ்' 180, 'ஒய்' 345.

கசிவு சூட்டில்தான் நிகழும் என்று எண்ணத் தோன்றும். பல நேரங்களில் அது குளிரும்போது நிகழ்கிறது. விளிம்பு கார்பன் எஃகால் ஆனது, வளையம் துருப்பிடிக்கா எஃகால் ஆனது என்று கொள்வோம். முன்னது ஒரு பாகைக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர் விரியும். பின்னது ஏறத்தாழ 16. 10 செ.மீ. விட்டமுள்ள வளையம் 150 பாகை சூடேறினால், காடியைவிட அது 0.06 மி.மீ. கூடுதலாக விரிய முற்படும். காடிப் பரப்பின் மேடுபள்ளத்தோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 40 மடங்கு. விரிய இடமில்லாத வளையம் காடியின் வெளிச்சரிவில் மேலும் நசுங்கும். அந்த நசுக்கம் மீளாதது. சூடு தணிந்ததும் வளையம் முன்பைவிடச் சிறியதாகத் திரும்புகிறது. இதற்கிடையில் போல்ட்டுகளும் நெடுநாள் சூட்டில் தம் இழுவிசையில் ஒரு பகுதியை இழந்திருக்கும். சூட்டில் இறுகியிருந்த இணைப்பு மூடிய கிணற்றில் கசியத் தொடங்குவது இவ்வாறுதான். ஆகவே வளைய உலோகத்தைத் தேர்வதென்பது வெப்பத்தைத் தாங்கும் உலோகத்தைத் தேடுவது மட்டுமன்று; விளிம்போடு சேர்ந்து விரிந்து சேர்ந்து சுருங்கும் உலோகத்தைத் தேடுவதுமாகும்.

இதே சிக்கலுக்கு அணு உலை, வானூர்தி எந்திரத் துறைகள் வேறொரு விடை கண்டன. அங்கு வளையம் உள்ளீடற்ற குழாயாகவோ, 'சி' வடிவத் தகடாகவோ அமைகிறது. நிக்கல் கலப்புலோகமான இன்கொனல் வில்லைப்போல் மீண்டெழும் தன்மையைத் தருகிறது; மேலே பூசிய வெள்ளி மென்மையைத் தருகிறது. 1960களின் தொடக்கத்தில் வெளிவந்த இன்கொனல் 718 இதற்கு ஏற்ற உலோகமாயிற்று. மென்மை, மீள்திறன் என்ற இரு பண்புகளை மென்னிரும்பு வளையம் ஒரே உலோகத்திடம் கேட்டது. இவ்வடிவம் இரண்டையும் இரு உலோகங்களுக்குப் பங்கிட்டது. வடிவமைப்பு வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம் என்று கொள்ளலாம். ஆயினும் கிணற்றடியில் மென்னிரும்பு ஒழிந்துவிடவில்லை. சேறும் உப்புக்காற்றும் நிறைந்த இடத்தில், சம்மட்டியும் குறடும் கொண்டு இறுக்கும் பணியில், முரட்டு வளையத்தின் எளிமைக்கு மதிப்புண்டு.

கசிவும் எல்லையும்

டெல்டாவில் 'கசிவு' என்ற சொல் இன்று அரசியல் சொல். 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாயிலிருந்து வயலில் எண்ணெய் கசிந்ததும், அதைத் தொடர்ந்த போராட்டமும், கைதுகளும் அச்சொல்லின் பொருளை மாற்றின. அது நிலத்தடிக் குழாயில் நிகழ்ந்த கசிவு. வளைய இணைப்பில் நிகழ்ந்ததன்று. இவ்வேறுபாட்டை வலியுறுத்துவது எவருக்கும் சார்பாகப் பேசுவதாகாது. குழாய் அரிப்பு, வளையத் தளர்வு, கிணறு கட்டுமீறிப் பீறிடல் ஆகிய மூன்றும் வெவ்வேறு காரணங்களால் நிகழ்வன. தடுக்கும் முறைகளும் கேட்க வேண்டிய கேள்விகளும் வெவ்வேறு. மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்கும்போது, உழவர் கேட்கும் கேள்விக்குப் பொறியாளர் வேறொன்றைப் பற்றி விடை சொல்லித் தப்ப முடிகிறது. இணைப்பில் எந்த உலோக வளையம் உள்ளது, அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கிராமசபையில் ஒருவர் கேட்பதற்குத் தமிழில் சொல்வளம் வேண்டும். 'கேஸ்கெட்' என்ற வழக்குச் சொல் அதற்குப் போதுமானதே. புதுச்சொல் படைப்பதைவிட, வழங்கும் சொல்லின் பொருளை விளக்கி எழுதுவதே முதற்பணி.

தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020 பிப்ரவரியில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளிலும் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை அது தடை செய்தது. முன்பே இயங்கிவந்த கிணறுகளை அது தொடவில்லை. காரைக்கால் புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப் பகுதி. ஆதலால் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. நிலத்தடியில் அடிப்பாறை முகடு ஒன்றே. மேலே சட்டம் இரண்டு. 1739இல் வரையத் தொடங்கிய எல்லைக்கோடு, பிரெஞ்சுக்காரர் சென்ற பின்னும் கிணறுகளின் வரலாற்றைப் பிரிக்கிறது. புதிய கிணறு அரிதாகும் நிலத்தில் பழைய கிணறுகளின் வயது கூடும். வயது கூடக் கூட இணைப்புகளின் பராமரிப்பே முதன்மைச் செய்தியாகும்.

காடியைச் சான்றாக வாசித்தல்

இத்தகைய வரலாற்றை எழுத எது சான்று? ஒவ்வொரு வளையத்தின் வெளிப்புறத்திலும் எழுத்துகள் பொறிக்கப்படுகின்றன: செய்தவர் குறி, வளைய எண், உலோகக் குறி. மென்னிரும்பிற்கு 'டி', குறைகார்பன் எஃகிற்கு 'எஸ்', துருப்பிடிக்கா எஃகிற்கு 'எஸ்304' அல்லது 'எஸ்316'. கல்வெட்டுப் படிக்கும் கண்ணோடு அணுகினால், எங்கே செய்து எங்கே பயன்பட்டது என்பதை உரைக்கும் சிற்றாவணம் இது. ஆனால் ஒருமுறை நசுங்கிய வளையத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது என்பது தரநிலையின் விதி. இணைப்பைப் பிரித்தவுடன் வளையம் இரும்புக் கழிவில் சேர்கிறது. ஆவணம் தன் பணியை முடித்த கணமே அழிக்கப்பட வேண்டும் என்று விதியே சொல்கிறது. நெடுநாள் திறக்கப்படாத இணைப்பில் அது இன்னும் இருக்கலாம். ஆனால் அதைக் காண இணைப்பைத் திறக்க வேண்டும்.

காடி அவ்வாறன்று. விளிம்பு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. பழுதானால் மீண்டும் கடையப்படுகிறது. கைவிடப்பட்ட பின் பணிமனை முற்றத்தில் கிடக்கிறது. அடி உருண்ட காடி பழைய வழக்கைக் காட்டும். தட்டையடியும் 23 பாகைச் சரிவும் அதன் பின்வந்ததைக் காட்டும். 'பிஎக்ஸ்' காடி உயரழுத்தக் கிணற்றைக் காட்டும். சரிவில் தெரியும் வடு, அளவுக்கு மீறிக் கடினமான வளையத்தை எவரோ எப்போதோ வைத்து இறுக்கியதைக் காட்டும். இரும்புக் கடைக்குப் போகுமுன் இவ்விளிம்புகளை அளந்து, காடியின் அகலம், ஆழம், கோணம், பொறிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்தால், எந்தக் கிணற்றில் எந்தக் காலத்தில் எந்தத் தரநிலை நிலவியது என்பதை எழுத்தாவணம் இல்லாமலே கணிக்க இயலும். இதற்குத் தேவைப்படுபவை ஒரு வெர்னியர் அளவி, ஒரு கோணமானி, உரிமையாளரின் இசைவு.